வாங்க ஆளில்லாத மருந்து

கோபன்ஹேகனில் கோடை வந்துவிட்டால் மனிதர்கள் செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு பூங்கா உண்டு. மதிய வேளையில் கோட்டும் டையுமாக இருப்பவர்கள்கூட ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, கணுக்கால் மறையும் புல்லுக்குள் நடந்துபோய் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். தவழும் குழந்தைகளை அந்தப் புல்லில் இறக்கி விடுவார்கள். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ பழகிக்கொண்டேன். பகலிலும் விளக்கெரியும் குளிர்காலம் பழகிவிட்டது. வேகாத மீன் பழகிவிட்டது. அந்தப் புல் மட்டும் பழகவில்லை. புல்லோரம் வந்ததும் கால் தானாக நின்றுவிடும். வலது காலால் தரையை ஓங்கி மிதித்துச் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன். யோசித்துச் செய்வதில்லை.

ஒருநாள் என் மேலதிகாரி கியர்ஸ்டன் இதைப் பார்த்துவிட்டார். "உங்கள் ஊரில் புல்லில் நடக்கும் முன் செய்யும் வழிபாடா?" என்று மரியாதையோடு கேட்டார். பாம்புக்காக என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்களிடமும் ஒன்று இருக்கிறதே! ஹூகோர்ம். அழகான பாம்பு. கொல்லக்கூடாது என்று சட்டம் போட்டுக் காப்பாற்றி வருகிறோம். கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும். நீ சின்ன வயதில் நிறையப் பார்த்திருப்பாய், இல்லையா?" பார்த்திருக்கிறேன் என்றேன். அதிர்ஷ்டசாலி என்றார். அவர் மனதில் களங்கம் இல்லை. நானும் சிரித்துவைத்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், விளக்கிச் சொல்வதைவிடச் சிரித்துவைப்பது எவ்வளவு சுலபம் என்று.

எங்கள் நிலம் ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே, ஆரணியாற்றை ஒட்டி இருக்கிறது. அண்ணன் தணிகாசலம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்தான். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான். ஒரு கால் கம்பெனியில், ஒரு கால் சேற்றில். இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவான். வீட்டுக்குக்கூட வராமல் நேரே கழனிக்குப் போய் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் மாற்றிவிடுவான். அன்றும் அப்படித்தான் போனான். கம்பெனியில் கொடுத்த சேப்டி ஷூ சேறாகிவிடும் என்று வரப்பில் கழற்றிவைத்துவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். கண்ணாடி விரியன் கணுக்காலுக்கு மேலே கடித்தது. ஷேர் ஆட்டோ கிடைத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து, மருந்தும் ஏறியது. ஆனால் அதற்குள் விஷம் சிறுநீரகத்தில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நான் சென்னையில் கல்லூரிப் பெண்கள் விடுதியில் இருந்தேன். வந்து பார்த்தபோது என்னை அடையாளம் தெரிந்து, "பரீட்சைய உட்டுட்டா வந்த?" என்று கேட்டான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். சில நாட்களில் போய்விட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சரளா அண்ணி தாய் வீட்டுக்குத் திரும்பிப் போக மறுத்துவிட்டார். அவன் நின்ற கழனியில் இறங்கி அவரே விவசாயம் பார்க்கத் தொடங்கினார்.

நான் உயிர்வேதியியல் படித்தேன். மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து டென்மார்க் வந்தபோது, என்ன ஆராயப் போகிறாய் என்று பேராசிரியர் கேட்டார். பாம்பு விஷம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. விஷம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு உலர்த்திய மஞ்சள் பொடியாகச் சின்னச் சீசாவில் வரும். முதல் முறை அந்தச் சீசாவை நானே திறந்தேன். ஏதாவது வாசனை வருமா என்று பார்த்தேன். ஒன்றுமே இல்லை. பல வருஷங்கள் அந்தப் பொடியோடு வாழ்ந்தேன். அதில் இருக்கும் ஒரு புரதத்தின் வாயைக் கட்டிப்போடும் மருந்தைத் தேடினோம். ஊசி மருந்துக்கு மாற்றாக அல்ல. கடித்தவுடன் கழனியிலேயே விழுங்கக்கூடிய மாத்திரை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்கும் மாத்திரை. எலிகள் பிழைத்தன. கட்டுரை வெளியானது. பேராசிரியர் ஓய்வு பெற்றார், ஆய்வுக்கான பணம் நின்றது, எங்கள் மூலக்கூறு குளிர்பெட்டியில் தூங்கப் போனது.

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்தில் பேச கியர்ஸ்டன் வந்தார். அவரும் ஒருகாலத்தில் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்தான். இப்போது மருந்துக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் நிதி ஒன்றை நடத்தி வந்தார். "எலி பிழைத்ததற்கும் மனிதன் பிழைப்பதற்கும் நடுவில் பல வருஷ வேலையும் பெரும் பணமும் இருக்கின்றன. வேலை உங்களிடம் இருக்கிறது. பணம் எங்களிடம் இருக்கிறது" என்றார். எனக்கு அது அசரீரி போலக் கேட்டது. கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுவரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், கதவு இதோ இருக்கிறது என்று நினைத்தேன். அவரிடம் போய் வேலை கேட்டேன். வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டு, கால்வாயைப் பார்த்த கண்ணாடி அறைகள் உள்ள அலுவலகத்தில் உட்கார்ந்தேன்.

வேலை இதுதான். புது மருந்து கண்டுபிடித்ததாகச் சொல்லும் சிறு கம்பெனிகள் எங்களைத் தேடி வரும். அவர்கள் சொல்லும் விஞ்ஞானம் உண்மையா, சோதனைகள் நிற்குமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்றுக்குக்கூட நாங்கள் பணம் போடுவதில்லை. ஆக, என் வேலையில் பெரும்பகுதி வேண்டாம் என்று சொல்வது. அதை இங்கே கடுமையாகச் சொல்ல மாட்டார்கள். "ஸ்பென்னெனெ, மென்…" என்பார்கள். அற்புதமாக இருக்கிறது, ஆனால்… அந்த 'ஆனா'லுக்குப் பிறகு எவரும் வாக்கியத்தை முடிப்பதில்லை. எதிரில் இருப்பவர் தாமாகவே மடிக்கணினியை மூடிவிடுவார். நானும் அப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே சொன்னேன். சம்பளம் உயர்ந்தது. ஆனால் ஒவ்வொரு முறை அந்த வார்த்தையைச் சொல்லும்போதும் என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் கண்ணாடியும் அதற்கப்பால் தண்ணீரும்தான். இருந்தாலும் எனக்குத் தெரியும். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கம்பெனிச் சட்டையோடு, ஈரக் காலோடு நிற்பான். கோபமாக இல்லை. தண்ணீர் எப்போது பாய்ந்து முடியும் என்று பார்த்துக்கொண்டு நிற்பவன் மாதிரி.

ஒரு இலையுதிர் காலத்தில் அந்த நாள் வந்தது. வேறொரு நாட்டு ஆய்வுக்குழு, நாங்கள் தேடிய அதே வகை மாத்திரையோடு வந்தது. எங்களுடையதைவிட நல்ல மூலக்கூறு. வாரக்கணக்கில் அதைப் புரட்டிப் பார்த்தேன், குறை கண்டுபிடிக்க முடியவில்லை. முதலீட்டுக் கூட்டத்தில் நான்தான் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். கியர்ஸ்டன் கேட்டார்: "விஞ்ஞானம் பழுதில்லை. பாம்பு கடிப்பது யாரை?"

"விவசாயிகளை. கூலிக்காரர்களை."

"இந்த மாத்திரையை வாங்குவது யார்?"

அரசாங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். இன்னொருவர், "இதைத் தேவைப்படுகிறவர் சராசரியாக எங்கே வசிக்கிறார்?" என்று கேட்டார். "எங்கள் வீட்டுக்குப் பின்னால்" என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அறை முழுக்கச் சிரித்தார்கள். கியர்ஸ்டனும் சிரித்துவிட்டு, மிகவும் அன்பான குரலில், "ஸ்பென்னெனெ, மென்…" என்றார். மடிக்கணினியை மூடியது நான்தான்.

பொங்கல் முடிந்த கையோடு ஊருக்குப் போனேன். விமானநிலையத்துக்கு வந்திருந்த அண்ணி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். வழியெல்லாம் லாரிகள், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிறவை, கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவை. என் வேலை மாறியதைப் போனிலேயே சொல்லியிருந்தேன், ஆனால் அது அவருக்குப் பிடிபடவில்லை.

"ஊரெல்லாம் எங்க கோமு பாம்புக்கடிக்கு மருந்து கண்டுபுடிக்குதுன்னு சொல்லி வெச்சிகீறேன். இப்ப வேற இன்னாவோ ஃபண்டுன்றியே, இன்னாது அது?"

"மருந்து கண்டுபிடிக்கிறவங்களுக்குப் பணம் போடுற எடம் அண்ணி. பல பேரோட பணத்த ஒண்ணா சேத்து…"

"சீட்டுக் கம்பெனியா?" அண்ணியின் முகம் மாறிவிட்டது. "கோமு, நல்லா விசாரிச்சியா? நம்ம ஊத்துக்கோட்டைல ஒருத்தன் அப்டித்தான் ராவோட ராவா பூட்டினு ஓடிட்டான்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை.

அது நடவுக் காலம். இப்போது எங்கள் பக்கத்தில் நாற்று நட வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அண்ணியின் கழனியில் ஒரு கூட்டம் இறங்கியிருந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அண்ணிக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. கையாலும் தலையாலும் வேலை நடந்தது. அடுத்த நாள் காலையில் அண்ணியோடு நானும் வரப்பில் நடந்தேன். அண்ணி கையில் கம்போடு, தரையைத் தட்டித் தட்டி, உரக்கப் பேசிக்கொண்டே முன்னால் போனார். "இன்னாங்க, கோமு வந்துகீது. எளச்சிப் போய்கீது. மோட்டாரு நேத்து மக்கர் பண்ணிச்சி, ஆளு வந்து பாத்துட்டான்…" யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "பாம்புக்கு சத்தம் குடுக்கறேன்" என்றார் திரும்பாமலேயே. பாம்புக்குப் பேச்சு சரியாகக் கேட்காது, தரை அதிர்வதுதான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அறையில் நிற்கிறவன், இங்கே இவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

வெயில் ஏறிய நேரம், கழனியின் அந்தக் கோடியிலிருந்து "ஷாப்! ஷாப்!" என்று கத்தினார்கள். அண்ணி, "சாப்பாடா? இப்பத்தான நாஷ்டா துன்னீங்க!" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தார். அவர்கள் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். ஒருவர் முழங்கையை நெளித்து நெளித்துக் காட்டிய பிறகுதான், பாம்பு என்கிறார்கள் என்று எங்களுக்கு உறைத்தது. ஓடினோம். கூட்டத்தில் வயதில் மூத்தவர், தலை நரைத்தவர், பிமல் என்று பெயர். வரப்பில் கிடந்த நாற்றுக்கட்டைத் தூக்கியிருக்கிறார். வலது கையில் இரண்டு பொட்டு. அதற்குள் கை வீங்கத் தொடங்கியிருந்தது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டப் போனார்கள். வேண்டாம், வேண்டாம் என்று தட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில், அசையக்கூடாது என்றேன். அண்ணியின் கம்பைக் கையோடு சேர்த்துத் துண்டால் தளர்வாகச் சுற்றினேன். அண்ணி பக்கத்துக் கழனிக்காரரின் குட்டியானை வண்டியை நிறுத்திக்கொண்டு வந்தார். நெல் மூட்டை ஏற்றும் அந்த வண்டியின் பின்னால் பிமலைப் படுக்க வைத்து நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டோம். அவருடைய கூட்டாளி ஒருவர் டிரைவர் பக்கத்தில் ஏறினார்.

வண்டி குலுங்கியது. பிமல் என் முகத்தையே பார்த்து, "ஆமி மொர்போ?" என்று கேட்டார். புரியவில்லை. ஏதோ தைரியம் கேட்கிறார் என்று மட்டும் தெரிந்தது. தலையை நன்றாக ஆட்டி, "ஆமா, ஆமா" என்று சிரித்தேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் அவர் நெற்றியைத் தடவி, "ஹாங், ஹாங்" என்றேன். அவர் கண்ணை மூடவில்லை. வழி முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் சாகப்போகிறேனா என்று அவர் கேட்டிருக்கிறார் என்பதை, ஆஸ்பத்திரியில் இறங்கிய பிறகு அந்தக் கூட்டாளி இந்தியும் சைகையுமாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஊத்துக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். "யாரு இவரு, உங்களுக்கு இன்னா வேணும்?" என்று நர்ஸ் கேட்டார். நான் யோசிப்பதற்குள், "எங்க ஊட்டு ஆளு" என்றார் அண்ணி. நர்ஸ் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்திவைத்தார். "யாரும் தொடாதீங்க" என்றார். நல்ல ரத்தம் என்றால் சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடும். விரியன் விஷம் ஏறிய ரத்தம் உறையாது. இதை எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஒரு மனிதருக்குப் பக்கத்தில் நின்று அந்தக் குழாயைப் பார்த்ததில்லை. நர்ஸ் வந்து குழாயைச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. டாக்டர் உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்.

நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணியின் புடவையில் சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"நீ அந்தக் கண்ணாடி சீசால தேடினியே ஒரு மாத்திர, அது அன்னிக்கி இருந்திருந்தா உங்க அண்ணன் பொழச்சிருப்பாரா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் கடல் தாண்டிப் போனேன். பல வருஷங்கள் எலிகளிடம் கேட்டதும் இதைத்தான். இருந்தும் நான் கற்ற தொழில் என் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மனிதர்களில் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது என்றெல்லாம் மனதுக்குள் வரிசையாக வந்தது.

"தெரியாது அண்ணி" என்றேன்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா அவ்ளோ தூரம் போய்ப் படிச்ச?" குரலில் கோபம் இல்லை. "பொழச்சிருப்பாருன்னு சொல்லேன். எனக்காவ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"பொழச்சிருப்பான் அண்ணி."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவன் செத்தபோதுகூட இவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. ஆறுதலாகத்தான் அந்த வார்த்தையைக் கேட்டார், நான் கொடுத்தது ஆறுதலா வேறொன்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிமலின் ரத்தம் இரண்டாவது முறையும் உறையவில்லை. மறுபடி மருந்து ஏற்றினார்கள். மாலையில் நர்ஸ் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் அசையாமல் நின்றது. அண்ணி அதைக் கையெடுத்துக் கும்பிட்டார். சிறுநீரகம் மட்டும் மக்கர் செய்தது. ஆம்புலன்ஸில் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டயாலிசிஸ் செய்து, சில வாரங்களில் தேறினார். நான் விடுமுறையை நீட்டித்துக்கொண்டு தினமும் போய்ப் பார்த்தேன். கடைசி நாள், ஆஸ்பத்திரியில் பழகிய தமிழில் கூட்டாளி மொழிபெயர்க்க, பிமல் சொன்னார்: "செத்துப்போவேன்னு தீதி ரெண்டு தடவ சொன்னாங்க. அது நெஜமான்னு பாக்கத்தான் கண்ண மூடாம இருந்தேன்." தீதி என்றால் அக்கா, என்னைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. இனி நாற்று நட முடியாது என்றார்கள்.

திரும்பி வந்த அன்று, விடுமுறை எப்படி என்று கியர்ஸ்டன் கேட்டார். இந்த முறை சிரித்துவைக்கவில்லை. பிமலைப் பற்றிச் சொன்னேன். அண்ணனைப் பற்றியும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக. கியர்ஸ்டன் என் தோளைத் தொட்டு, "இதை நீ அன்றைய கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அன்று முழுவதும் அந்த வாக்கியம் என்னைத் துரத்தியது. அண்ணனின் சாவைப் படமாக்கித் திரையில் போட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்குமா? வாங்க ஆள் இல்லை என்ற உண்மை மாறியிருக்குமா? மாறியிருக்காது. அந்த மாத்திரையை மறுபடியும் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் நிதி இரண்டாம் முறையும் வேண்டாம் என்றுதான் சொன்னது. ஆனால் கியர்ஸ்டன் தனக்குத் தெரிந்த அறக்கட்டளை ஒன்றிடம் அந்தக் குழுவைத் தானே அழைத்துக்கொண்டு போனார். மனிதர்களில் முதல் கட்டச் சோதனைக்கு மட்டும் போதுமான பணம் கிடைத்திருக்கிறது. அந்த மருந்து தேறலாம், தேறாமலும் போகலாம். நான் வேலையை விடவில்லை. உண்மையைச் சொன்னால், விட்டுவிட்டு எங்கே போவது என்று தெரியவில்லை. இன்றும் வாரத்தில் பல முறை வேண்டாம் என்கிறேன். இப்போதெல்லாம் வாக்கியத்தைப் பாதியில் விடுவதில்லை. ஏன் வேண்டாம் என்று எதிரில் இருப்பவரிடம் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் நிற்கிறவன் போய்விட்டானா என்று கேட்டால், போகவில்லை. போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் காலை, அண்ணி வீடியோவில் கூப்பிட்டார். பிமலையும் அதே அழைப்பில் சேர்த்திருந்தார். எப்படிச் சேர்ப்பது என்று எங்கே கற்றுக்கொண்டாரோ. மூன்று சதுரங்களில் மூன்று முகம், யாருக்கும் யார் பேச்சும் முழுதாகப் புரியவில்லை. பிமல் போனைத் திருப்பித் தன் ஊரைக் காட்டினார். புதிதாக நட்ட பயிர், தண்ணீரில் வானம். அண்ணி உடனே, "இங்கயும் பாரு, இங்கயும் பாரு" என்று தன் கழனியைக் காட்டினார். அதுவும் புதுப் பச்சை. இரண்டு சதுரத்துக்கும் நடுவில் வித்தியாசமே தெரியவில்லை. பிறகு பிமல் என்னைப் பார்த்து, "தீதி, தான் கொதாய்?" என்றார். 'தான்' என்றால் அவர்கள் மொழியில் நெல். உன் பயிர் எங்கே என்று கேட்கிறார்.

நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து போனை வெளியே திருப்பினேன். இரவெல்லாம் பெய்த பனி. சாலை, மரம், சைக்கிள்கள், கால்வாய்க்கரை, எல்லாம் ஒரே வெள்ளை. மெல்ல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காட்டினேன். அவர்கள் இருவரும் தங்கள் சதுரங்களுக்குள் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து, அந்த வெள்ளை முடிகிற இடத்தில் வயல் வரும் என்று காத்திருந்தார்கள். நானும் போனை இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.